வளைக்குள் ஒரு நாய், வெளியே ஒரு நாய்

அமீரகத்தில் அல் அய்ன் பக்கம் நாங்கள் முட்டை வாங்கப் போகும் பண்ணையில், கஃபீல் எனப்படும் அரபு முதலாளியின் இரண்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் சிவகங்கைக்காரர் அவர். ஒல்லியான உடம்பு, வெயிலில் வெளுத்த தொப்பி. குட்டை நாய் வளைக்குள் நுழைந்து நரியை வெளியே விரட்டும். நெட்டைக்கால் நாய் துரத்திப் பிடிக்கும். குட்டையை “வாடா” என்பார், நெட்டையை “வாங்க” என்பார்.

“இவரு கஃபீல்கூட ஏசி ரூம்ல படுக்குறவரும்மா. மரியாதை வேணும்ல.”

கோழி திருடும் நரியைப் பிடித்தால்தான் ஊருக்கு லீவ் என்று கஃபீல் சொல்லியிருந்தாராம்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் போயிருந்தபோது குட்டை நாய் விரட்டியதில் நரி வெளியே பாய்ந்தது. அதே நேரம் என் மகள் என் கையை உதறிவிட்டு, கைதட்டிக்கொண்டே குறுக்கே ஓடினாள். அவர் நெட்டை நாயின் கயிற்றை விடவில்லை. அது இழுத்த இழுப்பில் மணலில் குப்புற விழுந்தும் விடவில்லை. நரி வேலி தாண்டிப் போய்விட்டது.

“மன்னிச்சிருங்கண்ணே. உங்க லீவ்...”

அவர் வாயிலிருந்த மணலைத் துப்பினார். “அடுத்த வாரமும் வர்றீங்களாம்மா?”

“வரட்டுமாண்ணே?”

“வேணாம்மா.”

நாங்கள் போகவில்லை. அவர் ஊருக்குப் போனாரா என்று கேட்கவாவது போயிருக்கலாமோ என்று அடிக்கடி தோன்றும். அங்கே மகளை யார் பிடித்துக்கொள்வது என்று யோசித்ததும் விட்டுவிடுவேன்.