கழுவி வைத்த மூன்று குழாய்கள்

கடலை இரண்டே முறை பார்த்தவள் வினோதா. ஆனாலும் கடலடிச் சேற்றில் இதுவரை யாரும் காணாத ஒரு பாக்டீரியாவை முதலில் கண்டது அவள்தான். மலையூரான ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானவள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் அந்தக் கிருமி தெரிந்த எந்த இனத்திலும் சேரவில்லை. பேர் வைக்கும் உரிமையைப் பேராசிரியர் அவளுக்கே கொடுத்தார். அவள் ராகலையின் பேரை வைத்தாள்.

"கடலுக்கும் ராகலைக்கும் என்னாடி சம்மந்தம்?" என்றாள் அம்மா.

அந்தப் பேர் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களில் கிருமி உயிரோடு இருக்க வேண்டும். அனுப்புவதற்குள் வேலைநிறுத்தம் வந்தது. பூட்டிய ஆய்வுக்கூடத்தில் உறைபெட்டி நின்றுபோய், உள்ளிருந்ததெல்லாம் செத்தது. மிஞ்சியவை, வினோதா முன்பே கைப்பையில் வைத்து பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்த, கிருமி வளரும் சேறிருந்த மூன்று கண்ணாடிக் குழாய்கள். ராகலைக் குளிர் ஆகாதென்று அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தாள்.

"தொடாதீங்கம்மா, உசுரோட இருக்கு."

"இந்த அழுக்குக்கா நாலு வருசம் படிச்ச?" என்று சிரித்தாலும், அம்மா ஒருநாளும் தொடவில்லை. விஷயம் தெரிந்த வேறு ஆள் அந்த வீட்டில் இல்லை.

செவ்வாய்க்கிழமை தேயிலை மலையில் குளவிக் கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். அம்மாவின் முழங்கால் ஓடுகிற முழங்கால் இல்லை.

அம்மாவின் பிணம் வாசலைத் தாண்டியதும் வினோதாவை மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கக் கூட்டிப்போனார்கள். சாவு வீட்டில் ஒரு பாத்திரம் கழுவாமல் இருக்கக் கூடாது என்பது வழக்கம். திரும்பி வந்தபோது வீடு ஈரமாக, சோப்பு வாசனையோடு இருந்தது.

"எல்லாத்தயும் வெந்நியில கழுவிட்டேன் தாயி," என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நாகலெட்சுமி. "மேல சேறு புடிச்ச மூணு குப்பி இருந்திச்சு. அதுக்குத்தான் ரெண்டு தரம் சோப்புத்தூள் போட்டேன்."

தட்டில் மூன்று குழாய்களும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆய்வுக்கூடத்தில்கூட அவற்றை யாரும் இவ்வளவு சுத்தமாகக் கழுவியதில்லை.

அந்த வாரம் தோட்டத்து ஆபீசில் அம்மா செத்ததற்கு ஒரு தாள் கேட்டார்கள்; அது போதுமாயிருந்தது. கிருமி இருந்ததற்கு வினோதாவிடம் நாற்பது பக்கம் தாள் இருந்தது; அது போதவில்லை. பேராசிரியர் தொலைபேசியில், "மறுபடி சேறு எடுக்கலாம். அதே கிருமி வரும்னு சொல்ல முடியாது," என்றார்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி கேட்டாள்: "நா எதுவும் தப்பு பண்ணிட்டேனா தாயி?"

"இல்ல பெரியம்மா. நல்லா கழுவியிருக்கீங்க."