இடது சக்கரத்தின் போல்ட்டுகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள லேத் பட்டறை ஒன்றில் எங்கள் காரின் வாட்டர் பம்புக்குப் புது ஷாஃப்ட் கடைந்து வைத்திருந்தார்கள். அதை வாங்கிவரத்தான் போன ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திருவள்ளூரில் இருந்து கிளம்பினோம். பெரியபாளையம், ஆரணி வழியாக ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஐம்பதுகளில் வந்த அமெரிக்கக் கார். கம்பெனி பெயரை எழுதமாட்டேன். எழுதினால் விலை கேட்டு மெயில் வருகிறது.

அப்பாவுக்குப் பிறகு வண்டி எனக்கும் தம்பிக்கும் பொது. அதைப் பார்த்துக்கொள்வது மட்டும் நான். பானெட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றித் தரை தெரியும். ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் எல்லாவற்றையும் நாமே கழற்றலாம். தம்பிக்கு அதை விற்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபக்காரர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: இந்த ஒரு பயணம் ஓட்டிப் போய்த் திரும்பிவிட்டால் விற்கிற பேச்சே எடுக்கமாட்டான். லாரியில் ஏற்ற வேண்டி வந்தால் விற்பனைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

பெரியபாளையத்தில் இட்லி, இருவருக்கும் தொண்ணூறு ரூபாய். கோயில் கூட்டம் சேர்வதற்குள் அந்த ஊரைத் தாண்டிவிடுவது நல்லது. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது.

ஆரணி தாண்டி முன்பக்க இடது சக்கரம் பஞ்சர். நானே மாற்றுகிறேன் என்றேன். எதிரிலேயே டயர் கடை இருக்கும்போது கை எதற்கு அழுக்காக வேண்டும் என்றான் தம்பி. வண்டியைக் கடைக்கு உருட்டினோம்.

இந்த வகைக் கார்களில் இடது பக்கச் சக்கரங்களுக்குத் தலைகீழ் மரை. வலமாகச் சுற்றினால்தான் கழலும்; வழக்கம்போல இடமாகச் சுற்றினால் இறுகிக்கொண்டே போய் முறியும். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். “சரிம்மா” என்றார். ஸ்டெப்னியை எடுக்க டிக்கிப் பக்கம் போனேன்.

“இன்னா சார், அக்கா போல்ட்டு ரிவர்ஸ்ன்னுது? இருவது வருசமா இத்தான பண்ணிக்கினு கீறேன், நான் பாக்காத வண்டியா?”

“உங்களுக்குத் தெரியாததாண்ணே. பாத்து செய்யுங்க,” என்றான் தம்பி, போனில் இருந்து தலையைத் தூக்காமல்.

போல்ட் கழற்றும் காற்று கன் சத்தம் கேட்டது. ஸ்டெப்னியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். ஐந்தில் மூன்று போல்ட் முறிந்திருந்தன. மிச்சம் இரண்டை நம்பி ஒரு சக்கரத்தை ஓட்ட முடியாது. துரு என்று நினைத்தேன் என்றார் கடைக்காரர். “பேஜாரா பூட்ச்சிம்மா,” என்று தலையைச் சொறிந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

போன மாதம் எங்கள் வாசலில் இதே சக்கரத்தைத் தம்பிதான் கழற்றினான். “வண்டியும் உன்ன மாதிரிதான்க்கா, எல்லாமே தலைகீழ்,” என்று சிரித்தான். மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபக்காரரே லாரி அனுப்பினார். வாடகையும் அவருடையது. பதினொன்றரைக்குக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தோம், கார் மேலே, நாங்கள் டிரைவருக்குப் பக்கத்தில். மண்டப வாசலில் வண்டியை இறக்கியதும் அவருடைய ஆள் ஸ்பேனரை எடுத்து மிச்சமிருந்த போல்ட்டில் மாட்டினான். தம்பி பதறிப்போய் அவன் கையைப் பிடித்தான்.

“யோவ், அந்தப் பக்கம் சுத்தாத. இது ரிவர்ஸு. வலது பக்கமா சுத்து.”

பிறகு என்னைப் பார்த்தான். நான் கையெழுத்துப் போட்டேன். வாக்கு கொடுத்திருந்தேன். ஷாஃப்டை வாங்கி மண்டபத்தில் கொடுத்துவிட்டு, தனியாக மின்சார ரயில் ஏறினேன்.

இப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால், இடது சக்கரங்களில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பெயிண்டால் அம்புக்குறி போட்டுவையுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு போல்ட்டாவது உபரியாகக் கடைந்து வையுங்கள். பஞ்சரானால் சக்கரத்தை நீங்களே கழற்றுங்கள், கை அழுக்காகும் என்று கூட வருபவர் எவ்வளவு அக்கறையாகச் சொன்னாலும்.