காயலான்கடைக்குப் போய்த் திரும்பிய இஞ்சின்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்றைக்கு எனக்கு மூன்று லேத் ஓடுகிறது. இஞ்சினியர் படித்தவர்கள் டிராயிங்கைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துவிட்டு, "அய்யா, இது வருமா?" என்று கேட்பார்கள். வரும் என்று நான் சொன்னால் வரும். அப்படிப்பட்ட ஆள் ஒரு பழைய காரை ஒழுங்காகத் தூக்கிக் கொடுக்கத் தெரியாமல் முழித்தான் என்றால் நம்புவீர்களா?

போன வருசம் வரைக்கும் வீட்டில் ஒரு சின்ன கார் இருந்தது. இருபது வயசு தாண்டிய வண்டி. கிளட்ச்சை மிதித்தால் தொடை நடுங்கும். என்னைத் தவிர வேறு யாராலும் அதை நூம்பல் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குக்கூடக் கொண்டுபோக முடியாது. அதில் எனக்கு ஒரு கெத்து உண்டு.

அந்தக் கெத்தில் மண் போட்டவள் என் வீட்டுக்காரி. ஐம்பத்தெட்டு வயசில் யாரிடமும் சொல்லாமல் வேலப்பன்சாவடிக்குப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். நான் மூன்றாவது தடவையில் வாங்கிய லைசென்ஸை அவள் முதல் தடவையிலேயே வாங்கினாள். அதை ஒரு நாளைக்கு ஒருமுறையாவது எனக்கு ஞாபகப்படுத்துவாள். ஒரே குறை, இடது முழங்கால். கிளட்ச்சை மிதித்து மிதித்து வீங்கிப்போனது.

"கிளட்ச் இல்லாத வண்டியா வாங்குங்க. உங்கள பக்கத்துல உக்கார வெச்சுகினு நான் ஓட்டுறேன்" என்றாள்.

கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காருக்கு விலை ஒரு படி மேலே. என் கை அந்தப் படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. அப்போதுதான் ஷோரூமில் இருந்த பெண் பிள்ளை சொன்னது: பழைய வண்டியை அரசாங்கம் அங்கீகரித்த உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டி விலையில் தள்ளுபடி, சாலை வரியிலும் குறைப்பு. "ஆனா கம்பெனி தள்ளுபடி இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் சார்." சான்றிதழ் வந்தால் ஆட்டோமேட்டிக். வராவிட்டால் சாதா வண்டி. மறுபடியும் கிளட்ச், மறுபடியும் நான்தான் டிரைவர். வீட்டுக்காரி அன்றிலிருந்து காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஸ்கிராப் என்றால் எனக்குப் புதுசா? எஸ்டேட்டில் லேத் அடியில் விழுகிற இரும்புச் சுருளைப் பொறுக்கித்தான் என் பிழைப்பே தொடங்கியது. காயலான்கடைக்கு வண்டி போடுகிற எவனும் முழு வண்டியாகப் போட மாட்டான். நல்ல சாமானையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் கூட்டைத்தான் போடுவான். எடைக்குத்தானே போடுகிறோம், எதற்கு இஞ்சின்? நசுக்கப் போகிற வண்டிக்கு எதற்கு பேட்டரி? ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, இஞ்சின், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், பேட்டரி, ஹாரன் எல்லாவற்றையும் இறக்கினேன். பூந்தமல்லி ரோட்டில் என் கூட்டாளி ஒருத்தன் காயலான்கடை வைத்திருக்கிறான். அவனிடம் மொத்தமாகத் தள்ளிவிட்டேன். என்னைப் போல சாமர்த்தியம் யாருக்கு வரும் என்று அன்றைக்கு இரண்டு தடவை டீ குடித்தேன்.

மாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது உடைப்பு நிலையத்து லாரி வந்தது. வந்த தம்பி கையில் ஆர்.சி. புக்கை வாங்கிக்கொண்டு பானெட்டைத் திறந்தான். உள்ளே தரை தெரிந்தது. தரையில் எங்கள் தெருப் பூனை படுத்திருந்தது.

"பெரியவரே, இஞ்சின் எங்க?"

"நசுக்கத்தானப்பா போற? இஞ்சின் இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா?"

"இஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் ரெண்டும் ஆர்.சி.யோட ஒத்துப்போகணும். போட்டோ எடுத்து ஏத்தணும். இந்தப் பூனைக்கு நம்பர் கீதா?"

தெருவே சிரித்தது. வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்காலில் தைலம் தடவிய வாசனை என் வரைக்கும் வந்தது. "நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு வாப்பா, வண்டி முழுசா இருக்கும்" என்று அந்தத் தம்பியிடம் சொல்லி அனுப்பினேன். நாளைக்குத் தப்பினால் அப்புறம் சான்றிதழ் கைக்கு வர நாள் கிடையாது.

நேராகக் காயலான்கடைக்குப் போனேன். கூட்டாளி மரப்பெட்டி மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

"வா அண்ணாத்தே! இன்னா, மூஞ்சி தொங்கிப்போய் கீது?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் மூலையைக் காட்டினான். அங்கே ஒரே ஜாதி இஞ்சின் நாலு குவிந்து கிடந்தது, எல்லாம் எண்ணெயும் கரியுமாக. "உன்னுது எதுன்னு எனக்கே தெரியல. கம்பி பிரஷ் எடுத்து ஒவ்வொண்ணா தேய்ச்சு நம்பர் பாரு."

நான் எதற்குத் தேய்க்கிறேன்? பத்து வருசம் முன்னால் இஞ்சினைத் தாங்குகிற மவுண்டிங் போல்ட் ஒன்று உடைந்தபோது கடையில் வாங்காமல் என் லேத்தில் நானே கடைந்து போட்டேன். அறுகோணத் தலை, விளிம்பில் ஒரு சின்னச் சரிவு. அந்தச் சரிவை நான்தான் வைப்பேன். குனிந்து ஒரு பார்வை. "இதுதான்" என்றேன். நம்பரைத் தேய்த்துப் பார்த்தால் அச்சு அசல் ஆர்.சி.யில் உள்ளதே. கடையில் இருந்தவன் எல்லாம் வாயைப் பிளந்தான்.

கூட்டாளி மட்டும் வடையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தான். "இஞ்சின், மத்த சாமான் எல்லாத்தையும் எடுத்துகினு போ. துட்டு கூட நான் குட்த்ததே குடு போதும். ஆனா ஒண்ணு. 'நான் தப்பு பண்ணிட்டேன்'னு ஒரு தபா சொல்லு. இருபத்தஞ்சு வருசமா பழகுறேன், உன் வாயில அது வந்து நான் கேட்டதேயில்ல."

"டேய், வெளையாடாத. நேரமாவுது."

"அப்ப இஞ்சின் இங்கியே இருக்கட்டும்."

இரும்பு அறுக்கிற மிஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"கேக்கல அண்ணாத்தே."

கொஞ்சம் பலமாகச் சொன்னேன். அவன் கையைக் காட்டி மிஷினை நிறுத்தச் சொன்னான். கடை முழுக்க அமைதி. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரியின் கை என் கண்ணில் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தான். எப்போது போட்டானோ, லைன் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரும் போட்டிருந்தது. "அண்ணி, கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு" என்றாள் என் வீட்டுக்காரி. காலையில் தெருவே சிரித்தபோது வராத சிரிப்பு அது. "இன்னொரு தபா சொல்லச் சொல்லுங்க, பக்கத்து ஊட்டு அக்காவும் கீறாங்க."

பட்டறையிலிருந்து பாரம் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து, அன்று பிற்பகலிலேயே இஞ்சினை உள்ளே இறக்கி, கியர் பாக்ஸ், ரேடியேட்டர், பேட்டரி, ஹாரன் எல்லாம் மாட்டினேன். பொழுது சாய்வதற்குள் வண்டி ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக் ஷெட்டில் இந்த வேலைக்கு மூன்று நாள் கேட்பார்கள். மறுநாள் அந்தத் தம்பி பானெட்டைத் திறந்து, நம்பரைப் பார்த்து, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கினான். கடைசி நாள் மத்தியானம் சான்றிதழ் வந்தது.

புது வண்டியைக் கொடுக்கிற அன்றைக்கு ஷோரூம்காரர்கள் அட்டையில் செய்த பெரிய சாவியை என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். நிஜச் சாவி அதற்குள் வீட்டுக்காரியின் இடுப்பில் ஏறியிருந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, வெளியே வந்து, ஆவடி ரோட்டில் பஸ்ஸுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில் இம்மி இடிக்காமல் திரும்பினாள். நான் இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

"காலை எடுங்க. கால் மேட் புதுசு" என்றாள்.

எடுத்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி, "என் சம்சாரம்தான். மொத தபாவே லைசென்ஸ் வாங்கினது" என்று அவரிடம் சொன்னேன்.