திருச்சினாப்பள்ளி ரயிலடிக்குப் போன பால்பெட்டி

இங்கே பாலைத் தகர டின்னில் அடைத்து விற்கிறார்கள் என்று நான் முதன்முதலில் ஊருக்கு எழுதியபோது யாரும் நம்பவில்லை. குடித்துவிட்டு எழுதியிருப்பான் என்று என் தமையன் சொன்னானாம். ஆனால் அது மெய். பதுளைக் கடைத்தெருவில் காதர் நானாவின் கடைக்குப் போனால், பசுமாட்டுப் படம் ஒட்டிய டின்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஏதோ ஒரு குளிர்தேசத்தில் கறந்து, சீனி போட்டுச் சுண்டக் காய்ச்சி, கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் பண்டாரவளைக்கும் அங்கிருந்து மாட்டு வண்டியில் பதுளைக்கும் வந்து சேர்ந்த பால் அது. டின்னில் கத்தியால் துளை போட்டுப் பாலைச் சாய்த்து ஊற்றுவது எனக்கு வெகுநாள் கூச்சமாகவே இருந்தது. பால் மட்டுமா? மலை முழுக்கப் பச்சையாக இருந்தும் நாங்கள் தின்பது எதுவும் இங்கே விளைந்ததில்லை. அரிசி ரங்கூனிலிருந்து வருகிறது, மாசிக் கருவாடு மாலைதீவிலிருந்து வருகிறது, மிளகாய் நம் பக்கத்திலிருந்தே வருகிறது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஸ்டோரில் பெட்டி அடைப்பது என் வேலை. மரப்பெட்டிக்குள் ஈயத்தகடு விரித்து, தூளைக் கொட்டி இறுக்கி, மேல்தகட்டை மூடி, காய்ச்சிய இரும்பால் ஓரம் முழுவதும் பற்றவைக்க வேண்டும். ஊசி நுழையும் இடம் இருந்தாலும் கடற்காற்று புகுந்து தூள் பூசணம் பிடித்துவிடும். நான் அடைத்த பெட்டிகள் வாரக்கணக்கில் கடலில் கிடந்து லண்டன் போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூட நனைந்ததாகத் தகவல் வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

என் மனைவி அருளாயி முதல் பிரசவத்துக்குத் தகப்பன் வீட்டுக்குப் போனாள். அந்த மழைக்காலத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் இரண்டு பச்சைப் பிள்ளைகள் குளிரில் செத்துப்போயிருந்தன. இங்கே பெற்றுக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வேலைக்குக் கூட்டிவந்த கங்காணி அவளை அனுப்பினார். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கிராமம் அவளுடையது. மாதம் ஒருமுறை ஜெபம் நடத்த வரும் உபதேசியாரைத் தவிர அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர் கிடையாது.

அவர் கையால் எழுதிய கடிதம் வந்தது. ஆண்பிள்ளை, சின்னப்பன் என்று பேர் வைத்திருக்கிறது. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. ஊரில் மழை பொய்த்து மாடுகளெல்லாம் மடி வற்றிக் கிடக்கின்றன. கஞ்சித் தண்ணீர் கொடுத்துவருகிறோம். மூன்று மாதம் கடந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியாத நிலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு நடந்தேன். காதர் நானாவிடம் விஷயத்தைச் சொன்னதும், நான் கேட்காமலே அவர் பன்னிரண்டு டின்களை இறக்கி வைத்தார்.

“இது கப்பல்ல வந்த சாமான். இன்னொரு தரம் கப்பல்ல போனாக் கெடாது. பெட்டி கட்டிக்கொண்டு வா, தூத்துக்குடிக்கு அனுப்ப நானாச்சு” என்றார்.

உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகைகளையும் கழித்துப்போட்ட ஈயத் துண்டுகளையும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் கேட்டு வாங்கி, ஸ்டோர் ஓரத்தில் உட்கார்ந்து பெட்டி செய்தேன். டின்னுக்குள் தண்ணீர் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடல் தாண்டிப் போகும் பெட்டியை வேறு எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரியாது. நான் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது தோட்டத்துத் துரை வந்து நின்றார். ஈயத்தைத் தடவிப் பார்த்தார்.

“நல்ல பெட்டி. லண்டன் போகும்?”

பிள்ளைக்குப் பால் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எதற்கு, யாருக்கு, யார் அனுமதி என்று கேள்வி வளரும். “ஆமாங்க தொரை” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டி தூத்துக்குடியில் இறங்கி, ரயிலேறித் திருச்சினாப்பள்ளி ரயிலடியில் நிற்கும் என்று நானா சொல்லியிருந்தார். நான் மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். பால் வருகிறது, வெந்நீரில் கரைத்துக் கொடுங்கள், இத்தனை கரண்டிக்கு இத்தனை தண்ணீர் என்றெல்லாம் விவரமாக எழுதினேன். எப்படி வருகிறது, யார் போய் வாங்க வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. பெட்டிகளை அனுப்பியே பழகியவன் நான். ஒரு பெட்டியும் எனக்கு வந்ததில்லை.

பிறகு வந்த கடிதத்தில் பிள்ளை போய்விட்டது என்றிருந்தது. பாலைப் பற்றி ஒரு வரி இல்லை. டின்பால் ஒத்துக்கொள்ளாமல் நானே பிள்ளையைக் கொன்றுவிட்டேனோ என்று அன்றுமுதல் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் விடியக்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனேன், பெட்டிகளை அடைத்தேன், அவை கப்பலேறின.

மாசம் இரண்டு கழித்து அருளாயி தனியாகத் திரும்பி வந்தாள். பிறகு ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

கண்டிச்சீமை என்று அங்கே சொல்லும் இந்த மலைநாட்டிலிருந்து ஊருக்கு எது வந்தாலும் யாராவது ஓர் ஆள் கையில்தான் வரும். அதனால் என் கடிதத்தை உபதேசியார் படிக்கக் கேட்டதிலிருந்து மாமனார் அந்தோணி தினமும் பாதைக்குப் போய் நின்றிருக்கிறார். மூட்டையோடு வருகிறவர்களையெல்லாம் மறித்து, மருமகன் பால் கொடுத்தனுப்பினாரா என்று விசாரித்திருக்கிறார். அதற்கிடையில் தபால்காரர் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் போயிருக்கிறார். முழுக்க இங்கிலீஷ் அச்சு, கீழே ஒரு முத்திரை. கங்காணி சொன்ன கெடு தாண்டிவிட்டதே என்ற பயத்திலேயே இருந்த மனுஷன், அதை யாரிடமும் காட்டவில்லை.

“கூரை எறவாணத்துல சொருகி வச்சுட்டாரு. வாரண்டுன்னு நெனச்சிருக்காரு. என்னைய புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயந்திருக்காரு” என்றாள்.

பிள்ளையை அடக்கம் பண்ண உபதேசியார் வந்தார். மண்ணைத் தள்ளி முடித்துக் கைகால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் மாமனார் அந்தக் காகிதத்தை எடுத்துவந்து நீட்டினாராம். இனி மகளைப் பிடித்துப் போனால்தான் என்ன என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும். உபதேசியார் படித்தார். உங்கள் பெயருக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது, ரயிலடிக்கு வந்து எடுத்துக்கொள்ளவும். அது மாமனார் கைக்கு வந்து பத்தொன்பது நாளாகியிருந்தது.

மாமனாரால் அதற்குப் பிறகு எழுந்து நடக்க முடியவில்லை. அருளாயிதான் உபதேசியாரோடு போய்ப் பெட்டியை எடுத்து வந்திருக்கிறாள். பலகை பெயர்ந்திருந்ததாம், ஈயம் விட்டுப்போகவில்லையாம்.

“ஒரு டின்னு ஒடச்சு நக்கிப் பாத்தேன். இனிப்பா இருந்துச்சு. குடிச்சிருப்பான்.”

இதைச் சொல்லிவிட்டு அரிசி களைய எழுந்து போனாள். மீதி டின்களை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். தகப்பனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம். கேட்டிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. கேட்காததுதான் அந்தக் கிழவரைச் சீக்கிரம் கொண்டுபோனது. அடுத்த வருஷமே அவர் காலமானார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஒரு வரி எழுதாமல் விட்டவன் நான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இங்கே லயத்திலேயே பிறந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் போவோமா என்று நான் கேட்கும்போதெல்லாம் அருளாயி, அடுத்த வருஷம் போகலாம் என்கிறாள். அந்த வருஷம் வந்ததும் வேண்டாம் என்கிறாள்.

கல்லறைத் திருநாள் இங்கே மழைமாதத்தில் வருகிறது. தோட்டத்துச் சனங்கள் சாயங்காலம் சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தியோடு போய், அவரவர் மண்மேட்டில் ஏற்றிவைப்பார்கள். எங்களுக்கு இங்கே மண்மேடு இல்லை. போன வருஷம் அருளாயி வரிசை வரிசையாக நடந்து, புல் மூடி, சிலுவை சாய்ந்து, யாரும் வராத ஒரு குழியைக் கண்டுபிடித்தாள். யாருடையது என்று பக்கத்தில் கேட்டோம். தனியாளாக வந்து காய்ச்சலில் செத்தவர், உறவெல்லாம் அக்கரையில் என்றார்கள். பேர் யாருக்கும் நினைவில்லை. அவள் புல்லைப் பிடுங்கி, சிலுவையை நிமிர்த்தி, மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்தாள்.

“அங்க நம்ம புள்ளைக்கு யாராச்சும் ஏத்துவாங்கள்ல?” என்று கேட்டாள்.

“ஏத்துவாங்க” என்றேன்.

பனி இறங்கி எதிர்மலை மறைந்தது. சுடர் ஆடியதும், காற்று வரும் பக்கமாக நான் நகர்ந்து நின்றுகொண்டேன்.