உவர்த் தண்ணீரில் கழுவிய துவக்கு

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, என் அக்கா, சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்காவின் புருஷன். பொலிஸ் நிலையத்தில் இதைச் சொன்னபோது, "வேறை ஒருதரும் வரேல்லையோ?" என்று மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் இல்லையென்றேன். ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் அவரையாவது சாட்சிக்கு இழுத்திருப்பேன்.

குரங்குக்காகத்தான் துவக்கு வாங்கினேன். தென்மராட்சியில் எங்கள் பக்கத்துத் தென்னங்காணிகளில் குரங்குகள் குரும்பையைக்கூட விட்டுவைப்பதில்லை. அனுமதிக்கு இரண்டு வருடம் அலைந்தேன். கடைசியில் வவுனியாக்காரர் ஒருவரின் பழைய ஒற்றைக்குழல் துவக்கு கைக்கு வந்தது. வருடா வருடம் அதை மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குக் கொண்டுபோய், பத்திரத்தில் உள்ள எண்ணும் இரும்பில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதான் என்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எண் பொருந்தாத துவக்கை வீட்டில் வைத்திருந்தால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று நான் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அலுமாரியைப் பூட்டிவிட்டுப் படுத்தாலும், எழும்பி ஒருதரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். தோட்டாக்களை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எண்ணுவேன்.

அத்தானுக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. எனக்கும் அவரை அப்படித்தான். அங்கே ஒரு பல் வைத்தியரிடம் ஆயுதங்கள் கழுவுகிற வேலை அவருக்கு. இங்கே வந்தால் "டொக்டர்மாரோடை வேலை" என்பார். அந்த முறை அல்ட்ராசோனிக் மெசின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சோறு அவிக்கும் குக்கர் அளவில் ஒரு எவர்சில்வர் தொட்டி. தண்ணீரும் இரண்டு சொட்டுச் சவர்க்காரமும் விட்டு சுவிச்சைப் போட்டால், பல் கூசுகிற மாதிரி ஓர் இரைச்சல் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் இடுக்கில் கிடக்கும் அழுக்கை எல்லாம் பிய்த்து எடுக்குமாம். காலையில் அக்காவின் காப்புகளைப் போட்டார். பளபளவென்று வந்தன. என் மனைவி வாயைத் திறந்தபடி நின்றாள். அது அவருக்குப் போதும்.

"திங்கக்கிழமை கச்சேரியிலை துவக்குக் காட்ட வேணுமெண்டாய். உந்த ஊத்தையோடையோ கொண்டுபோகப்போறாய்?"

"மண்ணெண்ணெய்ச் சீலையாலை துடைச்சனான் அத்தான். அது காணும்."

"மண்ணெண்ணெய்! நீ இன்னும் லாம்பு காலத்திலை நில். எட்டாம் வகுப்போடை நிண்ட ஆளுக்கு மெசினைக் கண்டால் பயம் வரும்தான்."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அலுமாரியைத் திறந்தேன். குழல் நீளம், தொட்டிக்குள் போகாது. குழலையும் மரப்பிடியையும் கழற்றி, விசையும் எண்ணும் உள்ள நடு இரும்பை மட்டும் கொடுத்தேன்.

"கிணத்துத் தண்ணி உவர் அத்தான்."

"தண்ணி தண்ணிதானே. ஊத்து."

குசினியில் ஒரு கான் குடிதண்ணீர் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது. அதை எடுக்கட்டோ என்று வாய்வரை வந்தது. ஐந்து லீற்றர் வீணாகுமே என்று விழுங்கிவிட்டேன். இதைப் பொலிஸில் நான் சொல்லவில்லை.

தண்ணீர் கறுத்துப்போனது. "பாத்தியோ, உன்ரை மண்ணெண்ணெயின்ரை சீத்துவத்தை!" என்றார். உண்மைதான், அழுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. காவலுக்கு இருந்த எண்ணெயும் மிஞ்சவில்லை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. இரும்பைக் கிணற்றுக்கட்டில் வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். நண்டுக்கறி. அத்தான் ஒவ்வொரு காலையும் உடைத்து உறிஞ்சி, இடையில் சுவிஸ் தண்ணீரின் பெருமையும் சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது.

திரும்பி வந்தபோது வெந்தயத்தூள் தூவியதுபோல இரும்பு முழுக்கத் துரு.

நான் எண்ணெய்ப் போத்தல் எடுக்கக் கொட்டிலுக்கு ஓடினேன். வந்து பார்த்தால், யன்னலுக்குப் பெயின்ற் அடித்து மிஞ்சிய சாண்ட் பேப்பரோடு அத்தான் குந்தியிருந்து தேய்க்கிறார்.

"கையை எடுங்கோ! நம்பர் கிடக்குது அதிலை!"

பதினைந்து வருடத்தில் அவரைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல்தரம். ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்த எண். கடைசி ஏழின் மேல்கோடு போய்விட்டது. இப்போது அது ஒன்று.

"உது முதலே அப்பிடித்தான் இருந்தது," என்றார்.

"உனக்கு உதவி செய்ய வந்த மனுசனிலை ஏன்ரா பாயிறாய்?" என்றாள் அக்கா.

என் மனைவிதான் மெல்லக் கேட்டாள்: "ஏழு எண்டு நீங்கள் சொன்னால் நம்பமாட்டினமோ?"

அத்தானுக்கு அதற்கும் வழி தெரிந்திருந்தது. "நகைவேலை செய்யிற ஆரிட்டையும் குடுத்து ஒரு கோடு கீறுவி. அஞ்சு நிமிச வேலை."

"அதுக்கு எத்தினை வருசம் உள்ளுக்கை கிடக்கவேணும் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"பயந்தாங்கொள்ளி."

ஓம், பயந்தாங்கொள்ளிதான். அதனால்தான் கோடு கீறவில்லை. திங்கட்கிழமை உள்ளதை உள்ளபடி கொண்டுபோனேன். கச்சேரியில் இருந்தவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. "இது ஒண்டு. பத்திரத்திலை ஏழு. நான் கையெழுத்து வைக்கேலாது," என்றார். அங்கிருந்து பொலிஸ் நிலையம். துரு, மெசின், நண்டுக்கறி எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியவர் நண்டுக்கறியில் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். கொழும்பில் பரிசோதித்து அறிக்கை வரும்வரை துவக்கு அவர்களிடம்தான். ஏழு என்று அறிக்கை வந்தால் எனக்குத் துவக்கு. வராவிட்டால் எனக்கு வழக்கு. லோயர் நாற்பதாயிரம் கேட்டார்.

"லோயற்றை காசு முழுக்க என்ரை பொறுப்பு," என்று அத்தான் அக்காவுக்கு முன்னால் சொன்னார். விமான நிலையத்துக்கு வான் ஏறும்போது சட்டைப்பையைத் துழாவி, மாற்றாமல் மிஞ்சிய இலங்கைக் காசை என் கையில் திணித்தார். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. மெசினையும் எனக்கே பரிசாக விட்டுப்போனார். அது அந்த அலுமாரிக்குள், துவக்கு இருந்த இடத்தில் இருக்கிறது. பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அறிக்கை இன்னும் வரவில்லை. குரங்குகள் இப்போது கூரையில் ஏறி ஓடு பிரட்டுகின்றன. லோயருக்கு மீதியை மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். அத்தானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளில் பார்த்ததற்கான நீலச்சரி விழுகிறது, பதில் வருவதில்லை. அவர் தரவேண்டிய மிச்சம் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபா.