ஆனந்தி வீட்டு அடுப்பு

கன்னிவாடிக்கு அப்பால், மலை தொடங்கும் இடத்தில் உள்ள பளியர் பழங்குடியினரின் குடியிருப்பில் கௌசல்யாவின் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. மலைத்தேனையும் நெல்லிக்காயையும் சந்தையில் விற்று, எல்லார் வீட்டுக்கும் அரிசி பருப்பு வாங்கி வருபவள் அவள்தான். கடைக்காரர்களிடம் விலை பேசுகிற துணிச்சல் அங்கே வேறு யாருக்கும் கிடையாது.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டதும் சந்தை நின்றது. பஸ் நின்றது. தோட்டத்துக் கூலிவேலையும் நின்றது. ரேஷன் அரிசி பாதி மாதத்திலேயே தீர்ந்துபோக, கௌசல்யா கையை விரித்தாள். அப்போதுதான் அவள் கொழுந்தன் பெண்டாட்டி ஆனந்தி கடப்பாரையோடு காட்டுக்குள் போனாள். மேல்மலையில் பிறந்தவள். கொடியைப் பார்த்தே வள்ளிக்கிழங்கு எங்கே இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சாயங்காலம் அவள் அடுப்பில் பானை நிறையக் கிழங்கு வெந்தது. குடியிருப்பே அங்கே கூடியது.

கௌசல்யா போகவில்லை. கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனந்தியின் சிரிப்பு கதவைத் தாண்டி வந்தது. போன மாதம் வரை, "அக்கா, எனக்கும் கொஞ்சம் புளி வாங்கிட்டு வாங்க" என்று வாசலில் வந்து நின்றவள்.

ஒருநாள் மகள் சத்யபிரியா வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சித்தி வீட்டுல சாப்டேம்மா. ஒனக்கும் குடுத்து விட்டாக."

"எனக்கு வேணாம்."

"பசிக்கலையா?"

"அந்தக் கெழங்கு எனக்குச் சேராது."

பொய். அவளை வளர்த்ததே அந்தக் கிழங்குதான்.

ஆனி மாதத்தில் ஆனந்திக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் திண்டுக்கல்லுக்கு ஏற்றிப் போனது. வண்டி வளைவில் மறைந்ததும் கௌசல்யாவுக்குள் 'அப்பாடா' என்று ஒன்று எழுந்தது. உடனே, இப்படியும் நினைப்பேனா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பெண்கள் எங்கே தோண்டுவதென்று தெரியாமல் நின்றார்கள். கௌசல்யா கடப்பாரையை எடுத்தாள். சின்ன வயதில் அம்மாவோடு தோண்டியது, அவ்வளவுதான். அன்று அவள் கொண்டுவந்தது காறல் கிழங்கு. தின்றவர்கள் நாக்கெல்லாம் அரித்தது. "ஆனந்தி இருந்தா இப்படி ஆகுமா?" என்றாள் பக்கத்து வீட்டு மாயம்மாள். அரிப்பைவிட அந்தப் பேச்சுதான் கௌசல்யாவை வதைத்தது. ஆனாலும் விடாமல் போனாள். கை கொப்பளித்தது. போகப் போக நல்ல கொடி கண்ணில் பட்டது.

ஆனந்தி பிழைத்துத் திரும்பி, கொஞ்ச நாள் தனியாக இருந்தாள். வெந்த கிழங்கை இலையில் கட்டிப் போய், வாசலில் வைத்துவிட்டு எட்ட நின்றாள் கௌசல்யா.

"நல்லா வெந்திருக்குக்கா. உப்புத்தான் கம்மி" என்று மெலிந்த குரல் வந்தது.

"நாக்குக்கு ருசி தெரியுதுல்ல? அப்பப் பொழச்சுட்ட. தின்னு."

பிறகு பஸ் ஓடியது, சந்தை கூடியது. கௌசல்யா மறுபடி அரிசி மூட்டையோடு வந்தாள். இருந்தும் கிழங்கு தோண்டக் கிளம்பும் பெண்கள் முதலில் எட்டிப் பார்ப்பது ஆனந்தி வீட்டைத்தான். கௌசல்யாவுக்கு இன்றும் நெஞ்சில் சுருக்கென்கிறது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் அவர்களோடு நடக்கிறாள்.