ஃபேர்வெல்லுக்குக் கட்டிய புடவை

அம்மா போன் செய்தபோது விழுப்புரத்தில் மாமியார் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நலம் விசாரித்தாள், பனியைத் திட்டினாள், மல்லாட்டைப் பயிருக்குக் களை எடுக்க ஆள் வராததைப் புலம்பினாள். எது முக்கியமோ அதைக் கடைசியில்தான் சொல்வாள் அம்மா.

"தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல ஃபேர்வெல்லாம். அத்தை பொடவ எடுத்துக்கினு வர்றாங்களாம்."

கையிலிருந்த சட்டையைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டேன். சரிம்மா என்றேன்.

எங்கள் பக்கத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் ஃபேர்வெல் நடக்கும். பெண்கள் அன்று புடவை கட்டிக்கொண்டு வருவார்கள். வருஷமெல்லாம் யூனிஃபார்மும் ரெட்டை ஜடை மடித்துக் கட்டிய ரிப்பனுமாக இருந்தவர்கள், அந்த ஒரு நாளில் டீச்சர்களுக்கே அடையாளம் தெரியாமல் போவார்கள். யார் என்ன கலர், யார் யாருக்குப் பூ வைப்பது என்று பொங்கல் முடிந்ததிலிருந்து அதே பேச்சாக இருக்கும். நானும் அப்படித்தான் பேசித் தீர்த்தேன். திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கூடம். கூட்டேரிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவள் நான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்புக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். அதுவரை எனக்கு ஒரு கர்ச்சீப் கூட வாங்கித் தராதவர், என் ஃபேர்வெல்லுக்கு அரக்குக் கலரில் பட்டுப்புடவையோடு வந்து இறங்கினார். ஜாக்கெட்டும் தைத்தே கொண்டுவந்திருந்தார். போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. அளவு எப்படிக் கிடைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் பழைய சுடிதார் ஒன்றை அம்மா அனுப்பியிருக்கிறாள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அந்தத் தை மாதமே வீடு ஒரு தினுசாகத்தான் இருந்தது. வெயிலில் போகாதே என்றாள் அம்மா. களை எடுக்கக் கூப்பிடவில்லை. டிவி சத்தம் கேட்டாலே எகிறுகிற அப்பா, திண்டிவனத்திலிருந்து மல்லிகைப் பூ வாங்கி வந்தார். நான் உள்ளே போனால் பேச்சு நிற்கும். பப்ளிக் எக்ஸாம் என்றால் வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஒரே பெருமை. கசாப்புக் கடைக்காரர் ஆட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் ஆடும் இப்படித்தான் நினைத்திருக்கும்.

ஃபேர்வெல் அன்று மதியம் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள், அத்தனை பெண்களை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். ஹீல்ஸ் செருப்போடு உள்ளே ஓடிப்போய் பாட்டிலில் பிடித்து வந்தேன். ஒரு வாய்தான் குடித்தார். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். நர்சிங் என்றேன். "படி, படி" என்று சிரித்தார். அவருக்குத் தாகமே இல்லை. நான் நடப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. என் மாமியாருக்கு நான் கொடுத்த முதல் தண்ணீர் அதுதான்.

சாயங்காலம் அத்தை என் போட்டோவைக் கேட்டு வாங்கி யாருக்கோ அனுப்பினார். தோழி ஒருத்தி என் தோளில் கை போட்டு எடுத்த போட்டோ அது. அவளை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார். இன்றும் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அது இருக்கிறது. என் தோளில் நாலு விரல் மட்டும் இருக்கும், ஆள் இருக்காது.

அப்புறம் எதைக் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்தான், ரிசல்ட் வரட்டும். அப்ளிகேஷன் வாங்கலாமா என்றாலும் ரிசல்ட் வரட்டும். ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். மாப்பிள்ளை வீட்டு ஸ்வீட் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிகிற நேரத்தில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன் அப்படி மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மணமக்கள் பேரைச் சொல்லிவிட்டு, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார் ஃபாதர். எனக்கு ஒரு தடை தெரியும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியே என்னைச் சமாதானம் செய்தார்கள், நானும் செய்துகொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சுகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதை மறைக்க நான் மெனக்கெடுவதில்லை.

தங்கை வேறு ரகம். வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். அன்று ராத்திரியே கூப்பிட்டு, யூனிஃபார்மிலேயே போயேன் என்றேன். நீ மட்டும் கட்டினாயே என்று சண்டைக்கு வந்தாள். பின்னால் அம்மாவின் இருமல் சத்தம் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேற்கொண்டு பேசாமல் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, துணிக்கடைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி திண்டிவனம் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வேகமாக நடந்தேன். தெரு திரும்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அங்கே நிற்கும் என்று. நின்றது. வெள்ளைக் கார். பின் சீட்டில் தலை நிறையப் பூவோடு ஒரு அம்மாள், கண்ணாடியை இறக்கி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் சீட்டில் ஒருவர் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

உள்ளே மைக்கில் பாட்டு நின்றது. பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். அத்தை கொடுத்த பச்சைப் பட்டில் என் தங்கை, யாரோ சொன்னதற்குக் குனிந்து குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கார்க் கதவு திறந்தது. ஓலை வாசித்த அன்று வராத கோபம் மொத்தமும் அப்போதுதான் வந்தது. நேராகப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பச்சப் பொடவ என் தங்கச்சி. அவ காலேஜுக்குப் போவப் போறா. நீங்க வண்டிய எடுங்க."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை.

"நாங்க உன் தங்கச்சியப் பாக்க வரலம்மா. பக்கத்துல நிக்குது பாரு, மஞ்சப் பொடவ. அந்தப் பொண்ணத்தான்."

என் தங்கையின் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஒல்லியாக, அவசரத்தில் குத்திய சேஃப்டி பின்னோடு. அவளைப் பார்ப்பதற்கு முன்பே, அப்பாடா என்று என் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அதை இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை. இன்றைக்கு வராத கார் வேறொரு நாள் வரும் என்பதும் தெரியாமல் இல்லை.

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, இவளுக்காவது ஒருத்தி சொல்லட்டும் என்று நினைத்தேன். அதோ அந்தக் காரில் இருப்பவர்கள் உன்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன். அவள் காரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரியும்க்கா. இவளுங்ககிட்ட சொல்லிடாதீங்க. இன்னும் போட்டோ எடுக்கல."

சொல்லிவிட்டு ஓடிப்போய் என் தங்கையின் தோளில் மறுபடியும் கை போட்டுக்கொண்டாள். எல்லோரும் நெருங்கி நின்றார்கள். எனக்குப் பின்னால் காரிலிருந்து இறங்கிய அந்த அம்மாளும் போனைத் தூக்கிப் பிடித்தார்.